நோய் வெளியேறும் நேரம்

குவாக் தோ-சிக் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தது படிப்பின் மேல் உள்ள ஆசையால் அல்ல. எதிர்வீதியில் புதிதாக வைத்தியசாலை திறந்த தாக் என்ற இளம் அக்குபங்சர் ஊசி வைத்தியன் அதில் பெயர் கொடுத்துவிட்டான் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான், மறுநாளே இவரும் பெயர் கொடுத்துவிட்டார். மார்பு எக்ஸ்ரே படம் பார்க்கச் சொல்லித்தரும் வகுப்பு அது. ஊசி வைத்தியர்கள் எக்ஸ்ரே கருவியைத் தொடலாமா கூடாதா என்று கோர்ட்டில் இழுத்துக்கொண்டே கிடந்தது. டாக்டர்கள் கூடாது என்றார்கள், வைத்தியர்கள் ஏன் கூடாது என்றார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் நாம் தயாராக இருப்போம் என்று தேகு நகர வைத்தியர்கள் சிலர் சேர்ந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் நான்காம் மாடியைப் பிடித்திருந்தார்கள். கீழே முகூர்த்தம் இருக்கும் நாளில் நுரையீரலும் பாட்டும் சேர்ந்தே ஓடும்.

குவாக்குக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷமாக ஊசி குத்துகிறார். கை சுத்தமான வைத்தியர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கும் முழு நம்பிக்கை உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

பாடம் எடுத்தவர் பே யூன்-சோ என்ற எக்ஸ்ரே டாக்டர். முப்பத்தாறு வயதுப் பெண். வைத்தியர்களுக்குப் போய்ச் சொல்லித்தருகிறாரே என்று ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று பேர் அவருடன் சாப்பிட உட்காருவதையே நிறுத்திவிட்டார்களாம். அதற்காக வைத்தியர்கள் மேல் அவருக்குத் தனிப்பாசம் ஒன்றும் கிடையாது. "தப்பாப் பார்க்கிறதுக்குப் பதிலா சரியாப் பார்த்துத் தொலைங்களேன்னுதான் வந்தேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் முறை எளிமையானது. "முதல்ல, உடம்போட பொறக்காத சாமான் படத்துல என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணும் எங்க கிளம்பி எங்க முடியுதுன்னு சொல்லுங்க. அப்புறம் நுரையீரலுக்கு வரலாம்."

இதில் குவாக் புலி. வாய்வழி இறங்கும் மூச்சுக்குழாய், கழுத்து வழியாக இதயத்துப் பக்கம் போகும் மெல்லிய குழாய், தோளுக்குக் கீழே குந்தியிருக்கும் பேஸ்மேக்கர் பெட்டி, அதன் கம்பிகள் என்று எதைக் கொடுத்தாலும் நுனி வரைக்கும் விரலால் ஓட்டிக் காட்டிவிடுவார். இரைப்பைக்குப் போக வேண்டிய உணவுக்குழாய் ஒன்று வழி தவறி நுரையீரலுக்குள் போயிருந்ததை முதலில் பிடித்தவர் அவர்தான். இன்னொரு நாள் ஒரு படத்தில் தோள் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைக் கீற்றுகள். வகுப்பே முழித்தது. குவாக் மட்டும் சிரித்தார்.

"தங்க ஊசி, டாக்டர். குத்தி, உள்ளேயே வெட்டி விட்டுடுவாங்க. அந்தக் காலத்து ஆளுங்க வேலை. நான் செய்யமாட்டேன்."

"இதை நான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன்" என்றார் பே. குவாக் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

தரைக்கு வந்தது அடுத்த பாடத்தில். நுரையீரல் சுருங்குவதில் இரண்டு வகை. ஒன்று வெள்ளை. வாய்வழி செருகிய குழாய் அளவுக்கு மேல் இறங்கி ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குக் காற்றே போகாது. உள்ளே இருந்த காற்றும் வற்றி, நுரையீரல் வெளுத்துச் சுருங்கி, இதயத்தையும் தன் பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கக் குவாக்குக்கு வந்தது. இரண்டாவது கறுப்பு. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்து, விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவில் தங்கி, நுரையீரலை உள்ளே தள்ளும். காற்றும் கறுப்பு, நுரையீரலும் கறுப்பு. நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அதைத் தாண்டினால் ரத்தக்குழாய்க் கிளைகள் இருக்காது. இருக்கிற சாமானைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, கிளை இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க வரவில்லை. மூன்று வாரம் தொடர்ந்து கோட்டை விட்டார். ஒருமுறை முதுகுத் தோலின் மடிப்பைக் காட்டி "இதோ ஓட்டை" என்று முழங்க, தாக் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எட்டாவது வகுப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கும்-சில் வந்தாள். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை பார்ப்பதால் தோள் இறுகிப்போய்விடும். பதினொரு வருஷமாக அவரிடம்தான் ஊசி. நாற்பத்தொன்பது வயதுக்கு ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி.

"வைத்தியரே, உங்க தலையைப் பார்த்தா எனக்குத்தான் கவலையா இருக்கு. இன்னும் ஒரு வருஷம், அப்புறம் துணியால துடைச்சாலே போதும்."

"நீங்க வெட்டி வெட்டித்தான் இப்படி ஆயிடுச்சு."

"நான் வெட்டல, அதுவாத்தான் ஓடிப்போச்சு. உங்க ஊசியைப் பார்த்துப் பயந்திருக்கும்."

தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள். ஊசி தோளில் இறங்கியிருந்த நேரம் அது. "ஸ்ஸ்" என்றாள். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். குவாக் ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "என்னமோ பிடிக்கிற மாதிரி இருக்கு. மூச்சை இழுத்தா சுருக்குங்குது. இருமலும் வருது."

"அது நோய் வெளியேறுது. போறப்போ கொஞ்சம் கலாட்டா பண்ணிட்டுத்தான் போகும். வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க."

இது குவாக் கண்டுபிடித்த வாக்கியம் அல்ல. வைத்தியர்கள் எல்லோரும் சொல்வது, அவரும் படிக்கும் காலத்திலேயே கற்றது. சிகிச்சைக்குப் பிறகு உடம்பு மோசமானால் அது குணமாவதற்கு முன்னால் வரும் குறி. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எந்த நேரம் என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. கும்-சில் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, நாளைக்கு மத்தியானம் ஒன்று நாற்பது விமானத்தில் தோழிகளோடு ஜேஜு தீவுக்குப் பறக்கப்போவதாகவும், வரும்போது ஆரஞ்சு வாங்கி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வகுப்பில் பே ஒரு பெண்ணின் படத்தைத் திரையில் போட்டு, "குவாக் சார், வாங்க" என்றார்.

குவாக் போய் நின்றார். "வெளிச்சாமான் ஒண்ணும் இல்ல. எலும்பு சரியா இருக்கு. இதயம் சரி. நுரையீரலும் சரி."

"உக்காராதீங்க. கிளைகளைப் பாருங்க. அது எது வரைக்கும் போகுது?"

குவாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையோடு திரையாக நின்று, இதயத்தருகில் தொடங்கும் வெள்ளைக் கிளை ஒன்றை விரலால் தொடர்ந்தார். அது மேலே போனது, மெலிந்தது, பிரிந்தது. கழுத்தெலும்புக்கு மூன்று விரல் கீழே நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் கறுப்பு. அந்த இடத்தில் முடி கனத்தில் ஒரு கோடு வளைந்து இறங்கியது. அதை அவர் தானாகவே பார்த்துவிட்டார். சின்னப் பையனைப் போல அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

"இங்க! இதுக்கு மேல நுரையீரலே இல்ல. காத்து!"

"சரி" என்றார் பே. "எப்படி வந்ததுன்னும் சொல்லிடறேன். ஒல்லியான பொம்பளை. தோள்ல ஊசி குத்திக்கிட்டிருக்காங்க. நெஞ்சு பிடிக்குது, இருமல் வருதுன்னு சொன்னதுக்கு, நோய் வெளியேறுதுன்னு வைத்தியர் சொல்லி அனுப்பிட்டார். மூணாம் நாள் எங்ககிட்ட வந்தாங்க."

வகுப்பில் முணுமுணுப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர், "எங்களைக் குத்திக்காட்டத்தான் வந்தீங்களா?" என்றார். ஒல்லியானவர்களுக்குத் தானாகவும் இப்படி வரும் என்றார் இன்னொருவர்.

"வரும். அதனாலதான் நான் அவங்ககிட்ட கேட்டேன். நீங்களும் கேளுங்கன்னு சொல்றேன்" என்றார் பே. "இந்தம்மா நடந்தே வந்தாங்க, பிழைச்சுக்கிட்டாங்க. இதே ஆள் விமானத்துல ஏறியிருந்தா வேற கதை. மேல போகப் போக உள்ள மாட்டின காத்து விரியும். நுரையீரலை இன்னும் நசுக்கும். நடுவானத்துல எந்த டாக்டரைத் தேடறது?"

குவாக் திரும்பி மணியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. தோள், ஒல்லி, இருமல், சுருக். ஒவ்வொன்றாக ஒத்துப்போனது. இல்லை, அது வேறு இது வேறு, என் கை அப்படிப் போகாது என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. கால் மட்டும் அதைக் கேட்கவில்லை. இடைவேளை விட்டதும் தாழ்வாரத்தில் பே டாக்டரை மறித்தது.

"டாக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒரு வைத்தியர் இருக்கார். அவரோட பேஷண்ட் ஒருத்தங்க..."

பே அவர் முகத்தையே பார்த்தார். "சரி. அந்தத் தெரிஞ்ச வைத்தியர் எப்போ குத்தினார்?"

"நேத்து சாயங்காலம்."

"இப்போ அவங்க எங்க?"

"விமானம் ஒண்ணு நாப்பதுக்கு."

"அப்போ அந்தத் தெரிஞ்ச வைத்தியரை உடனே போன் பண்ணச் சொல்லுங்க. ஏற விடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, படம் எடுக்கச் சொல்லுங்க."

காபி இயந்திரத்தின் பக்கத்தில் சக வைத்தியர்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். தாக்கும் நின்றிருந்தான். குவாக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு போன் செய்தார். நாலைந்து முறை மணி அடித்த பிறகு கும்-சில் எடுத்தாள். பின்னால் அறிவிப்புச் சத்தமும் தோழிகளின் கெக்கலிப்பும் கேட்டன.

"என்ன வைத்தியரே, ஆரஞ்சு மறந்துடுவேன்னு பயமா?"

"இருமல் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் ஜாஸ்திதான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. பரவாயில்ல, நோய் நல்லாவே வெளியேறுது போல."

குவாக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குப் போக வேண்டாம். நாளைக்குப் போங்களேன். உடம்புல சக்தி ஓட்டம் இன்னும் சரியா அமையல. ஒரு நாள் ஓய்வு எடுத்தா நல்லது."

"ஐயோ, மூணு மாசமாப் போட்ட திட்டம். அங்க போய்க் கடலைப் பார்த்துக்கிட்டே ஓய்வு எடுத்துக்கறேன்."

"இல்ல, சும்மா ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டு..."

"படமா? நீங்களா சொல்றீங்க?" அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. "எக்ஸ்ரேன்னாலே முகத்தைச் சுளிப்பீங்களே. அந்த வகுப்புல உங்களுக்கு மந்திரம் போட்டுட்டாங்களா? நேத்து நீங்க சொன்னதுதான் எனக்குப் பெரிசு. வரிசை நகருது, வெச்சுடறேன்."

பதினொரு வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியவள். அந்த நம்பிக்கை இப்போது அவரையே உள்ளே விடாமல் கதவைச் சாத்தியது. சுற்றிவளைத்துச் சொல்லும் எதுவும் அதைத் திறக்காது என்று குவாக்குக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

"கும்-சில், வெச்சுடாதீங்க. நேத்து நான் சொன்னது தப்பு. நோயும் வெளியேறல, ஒண்ணும் வெளியேறல. என் ஊசி உங்க நுரையீரல்ல ஓட்டை போட்டிருக்குன்னு நினைக்கிறேன். விமானத்துல ஏறினா உயிருக்கு ஆபத்து."

அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கும்-சில், "நிஜமாவா?" என்றாள். குரலில் கேலி போயிருந்தது.

"நிஜம். வரிசையிலிருந்து வெளிய வாங்க. அங்கேயே உக்காருங்க. நான் வரேன்."

திரும்பியபோது யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தாக் மட்டும் காபிக் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு, "அண்ணே, என் வண்டி கீழதான் நிக்குது. கால் மணி நேரத்துல போயிடலாம்" என்றான். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குவாக் அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல நினைத்தார், சொல்லவில்லை.

விமான நிலையத்தில் கும்-சில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக வெளுத்திருந்தது. மூன்று தோழிகளும் விமானத்தில் ஏறாமல் அவளைச் சுற்றி நின்று குவாக்கை முறைத்தார்கள். "அக்காவை என்னய்யா பண்ணீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கும்-சில் எழுந்ததும் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் படம் எடுத்தார்கள். பணியில் இருந்த டாக்டர் கணினியில் அதைத் திறந்தபோது குவாக் கட்டிலருகில் நின்றிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. இந்த முறை தேடவும் வேண்டியிருக்கவில்லை. வலது நுரையீரல் பாதிக்கு மேல் உள்ளே ஒடுங்கியிருந்தது, சுற்றிலும் கறுப்பு. எட்டு வாரத்தில் இவ்வளவு தெளிவான படத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கக் கண் எரிந்தது.

"கனமா எதாவது தூக்கினீங்களா? அடிபட்டதா?" என்று டாக்டர் கேட்டார்.

கும்-சில் குவாக்கைப் பார்க்காமலே, "காலைல பெட்டியைத் தூக்கினேன்" என்றாள்.

"அப்போ தானா வந்ததுன்னு எழுதிடறேன்."

ஒரே ஒரு நொடி குவாக் வாயைத் திறக்கவில்லை. அந்த நொடியை அவர் பிறகு பலதடவை நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டார். "அப்படி எழுதாதீங்க டாக்டர்" என்றார். "நேத்து சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வலது தோள்ல ஊசி. குத்தினது நான். என் பேர் குவாக் தோ-சிக். எழுதிக்குங்க."

டாக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அக்குளுக்குக் கீழே மரத்துப்போக மருந்து குத்தி, விலாவின் இடையில் ஒரு குழாயைச் செருகினார்கள். மறுமுனை, தரையில் இருந்த தண்ணீர்ப் பெட்டிக்குள் போனது. அவள் இருமும்போதெல்லாம் தண்ணீரில் குமிழ் வெடித்தது. சிக்கியிருந்த காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. இரண்டாவது படத்தில் குழாய் போக வேண்டிய இடத்தில் இருந்தது, நுரையீரல் ஏறக்குறைய விலாவைத் தொட்டுவிட்டது. நாலைந்து நாள் இருந்தால் போதும் என்றார்கள். தோழிகள் மாற்றுடை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினார்கள். குவாக் பக்கத்துக் கட்டிலின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தார். ஜன்னலில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றார்.

"ஊசி தவறினதுக்கா?" என்றாள் கும்-சில். "நான் ஒரு வாடிக்கையாளரோட காதைக் கத்தரிச்சிருக்கேன், தெரியுமா? கை தவறத்தான் செய்யும். நான்தான் சிரிச்சுத் தொலைச்சேன். அதுக்கெல்லாம் எனக்குக் கோபம் இல்ல."

குவாக்குக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"வைத்தியரே, நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு நீங்கதான் கஷாயம் கொடுத்தீங்க."

"ஞாபகம் இருக்கு."

"ரெண்டாவது வாரம் வந்து சொன்னேன். கால் வீங்கிடுச்சு, படுத்தா மூச்சு முட்டுதுங்கறாங்க, உக்காந்துக்கிட்டேதான் தூங்கறாங்கன்னு. நோய் வெளியேறுதுன்னு சொன்னீங்க. நான் வீட்டுக்குப் போய் அதையே அம்மாகிட்ட சொன்னேன். அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாங்க." அவள் நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டாள். "பதினேழாம் நாள் போயிட்டாங்க. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது என்ன வைத்தியரே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். இப்போது அந்த அம்மாளின் மார்பு, யாரும் எடுக்காத படமாக, அவர் கண்முன் தானாக விரிந்தது. பெருத்த இதயம், நுரையீரலின் அடியில் இரண்டு பக்கமும் தேங்கிய நீர், மேல் கிளைகள் புடைத்து நிற்பது. மூன்றாவது வகுப்பில் பே நடத்திய பாடம். தாக் கூடத் தப்பில்லாமல் சொன்ன படம்.

"இதயம் பலவீனமா இருந்திருக்கும்" என்றார் குவாக். "நுரையீரல்ல தண்ணி கட்டியிருக்கும். அதான் படுக்க முடியல."

"படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"மருந்து இருக்கா அதுக்கு?"

"இருக்கு."

கும்-சில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். குழாய் இழுத்தது, முடியவில்லை. கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள்.

குவாக் எழுந்து, நாற்காலியைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலருகில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.